நான்காவது படத்தில் மழை

1. கீழே கையொப்பமிடும் நான், இக்கடிதத்தைப் பெறுபவளின் தந்தை. பிறர் சொல்வதைக் கேட்டு உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தருவதைத் தொழிலாகக் கொண்ட வழக்கறிஞன்.

2. கண்ணால் கண்டதைக் கண்டதாகவும், காதால் கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்தே எழுதியிருக்கிறேன். உன் அம்மா பேசியவற்றை அவள் பேசியபடியே தந்திருக்கிறேன். அவற்றைத் திருத்தும் துணிவு எனக்கு இந்த வீட்டில் என்றுமே இருந்ததில்லை.

3. இங்கு அனைவரும் நலமாக இருக்கிறோம். அடுத்த பத்தியைப் படித்ததும் நீ பதறுவாய் என்பதால், பதறத் தேவையில்லை என்பதை முன்கூட்டியே பதிவு செய்கிறேன்.

அன்புள்ள வாண்டுவுக்கு,

உன் அம்மாவுக்கு வலது கண்ணில் புரை நீக்கும் அறுவை சிகிச்சை நடந்து முடிந்துவிட்டது. நல்லபடியாக முடிந்தது. கட்டும் அவிழ்த்தாயிற்று. இடது கண்ணுக்கு அடுத்த மாதம் செய்யலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். உனக்கு முன்பே தெரிவிக்காததற்குக் காரணம், உன் அம்மா பிறப்பித்திருந்த தடையுத்தரவு. "சொன்னீங்கன்னா பரீட்சையப் போட்டுட்டு அடுத்த வண்டியில ஏறிடுவா. கட்டு அவிழ்க்கட்டும், அதுவரைக்கும் வாயத் திறக்காதீங்க" என்றாள். தடை நேற்றுக் காலையில் விலக்கப்பட்டது. இன்று எழுதுகிறேன்.

அவள் கண் கட்டுடன் படுத்திருந்தபோதுதான் உன் கடிதம் வந்தது. நான் மட்டும் படித்தேன். உனக்கு வண்ணம் பிடிபடவில்லை என்றும், அம்மாவே அப்படிச் சொன்ன பிறகு ஆசிரியர்கள் சொல்வதற்கு என்ன இருக்கிறது என்றும், ஓவியப் பிரிவை விட்டுக் கணக்குப் பிரிவுக்கு மாற விண்ணப்பம் நிரப்பிவிட்டதாகவும், இம்மாத முடிவில் அதைக் கொடுக்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். இந்தக் கடிதம் முழுவதும் அந்த விண்ணப்பத்தைப் பற்றியதுதான். நான் சுற்றி வளைத்து வருவேன். என் வழக்கம் உனக்குத் தெரியும். பொறுமையாகப் படி.

முதலில் கண் விஷயம் வெளிப்பட்ட விதம். பக்கத்துத் தெருப் பல் மருத்துவர் தம் கறுப்புக் கால்சட்டையின் ஓரத்தை மடித்துத் தைக்க அம்மாவின் கடையில் கொடுத்திருந்தார். வாங்கிப் போன மறுநாளே திரும்பி வந்து, கறுப்புத் துணியில் பழுப்பு நூல் ஓடியிருக்கிறது என்றார். உன் அம்மாவின் கடையில், அவள் எடுத்துக் கொடுத்த நூலில் குறை! அவள் விடுவாளா? "பல்லப் பாக்குற கண்ணால நூலப் பாக்காதீங்க டாக்டர்" என்றாள். அவரோ சிறிதும் கோபப்படாமல், "அம்மா, நான் பல்லுலயே பதினாறு வித வெள்ளை பாக்குறவன். வெளிச்சத்துக்கு வாங்க, ரெண்டு பேரும் பாப்போம்" என்றார். என்னை நடுவராக அழைத்தார்கள். துணியை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். நூல் பழுப்புத்தான். ஐயமே இல்லை. அதை உன் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது பொத்தான் தைக்கும் அக்கா அழுதுவிட்டாள். பல மாதங்களாக உன் அம்மா எடுத்து வைக்கும் நூல்கண்டுகளை அவள்தான் ஓசைப்படாமல் மாற்றி வைத்திருக்கிறாள். அந்த வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டதால் இது ஒன்று தப்பிப் போயிற்று. "என் கடையில உக்காந்துக்கிட்டு என்னையே ஏமாத்துனியாடி?" என்று உன் அம்மா கேட்டாள். "உங்ககிட்ட யாரு சொல்லுவா? சொன்னா ஊசியாலயே குத்துவீங்க" என்றாள் அக்கா. பல் மருத்துவரே கண் மருத்துவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். இரண்டு கண்ணிலும் நன்கு முற்றிய புரை.

கண் மருத்துவரிடம் நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. இந்தக் கண்ணால் பார்க்கும்போது வண்ணங்கள் எப்படித் தெரியும்? பழுப்பேறிய கண்ணாடி வழியே பார்ப்பதைப் போல என்றார். நீலமும் ஊதாவும் அழுக்காகும். மெல்லிய வேறுபாடுகள் மறைந்துபோகும். மெதுவாக வருவதால் பார்ப்பவருக்கே தெரியாது என்றார். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு உன் நான்காவது படம் நினைவுக்கு வந்தது.

பேருந்து நிறுத்தத்தில் மழையில் காத்திருக்கும் நாயின் கதைக்கு நீ வரைந்த படங்களைச் சொல்கிறேன். ஒவ்வொன்றையும் ஆசிரியருக்குக் காட்டும் முன் அம்மாவுக்கு அனுப்பினாய். தையல் இயந்திரத்தின் அடியில் உட்கார்ந்து நூல்கண்டு பிரித்து வளர்ந்தவள் நீ; வண்ணத்தில் அவள் சொல்லே உனக்கு இறுதித் தீர்ப்பு. நான்காவது படத்தைப் பார்த்துவிட்டு அவள் தொலைபேசியில் சொன்னதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். "மழை எங்கடி? வெத்துத் தாளுக்கு எதுக்குத் தபால் செலவு? நிழல்னு சேத்த அப்பி வச்சிருக்க." அதன் பின்னர் நீ பென்சிலைத் தாள் தேயும்படி அழுத்தத் தொடங்கினாய். அடுத்த படங்களில் மழையைத் தடித்த கறுப்பு மையால் கோடு கோடாக இழுத்தாய். இது மழையா, ஜெயில் கம்பியா என்று உன் ஆசிரியர் கேட்டதாக எழுதியிருந்தாய். அவர் கேட்டது நியாயமே. ஆனால் அந்தக் கம்பிகளை நட்டது நீ அல்ல.

நேற்று நடந்ததை இனிச் சொல்கிறேன். கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா கேட்ட முதல் பொருள், அலமாரியில் இருந்த உன் படக்கட்டு. நான் உன் கடிதத்தைப் பற்றி அதுவரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். நான்காவதில் நின்றுவிட்டாள். தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தாள். பிறகு மெதுவாக, "ஏங்க, இங்க வாங்க. மழை பெய்யுதுங்க" என்றாள்.

நானும் குனிந்து பார்த்தேன். மை தீர்ந்த பேனாவால் தாளில் முதலில் அழுத்திக் கீறி, அதன்மேல் நீலப் பென்சிலை லேசாக ஓட்டியிருக்கிறாய். கீறிய பள்ளத்தில் வண்ணம் ஏறாமல் வெள்ளைக் கோடாக மழை நிற்கிறது. இதை நீ முன்பே விளக்கி எழுதியிருந்தாய், எனக்குப் புரிந்திருக்கவில்லை. அவள் இடக் கண்ணை மூடினாள். "பெய்யுது" என்றாள். வலக் கண்ணை மூடினாள். "நின்னுடுச்சு" என்றாள். மறுபடி மாற்றி மூடினாள். பெய்தது. குழந்தையைப் போல இதையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தாள். சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "இதையா வெத்துத் தாள்னேன்?" என்று கேட்டாள். கண்ணில் ஈரம் இருந்தது. சொட்டு மருந்து என்றாள். சொட்டு மருந்து விடும் பொறுப்பு என்னுடையது. அந்நேரம் நான் விட்டிருக்கவில்லை.

அதன் பிறகே உன் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன்.

அவள் சொன்ன குறைகள் எல்லாமே கண்ணால் வந்தவை என்று நான் எழுதினால் அது மிகைக் கூற்றாகிவிடும். நாயின் பின்னங்கால் பற்றிய அவளுடைய பழைய கருத்து புதிய கண்ணிலும் மாறவில்லை. "கால் முன்பக்கமா மடியுது. எந்த நாய்க்கு அப்படி மடியும்? நாற்காலிக்குக்கூட மடியாது" என்று நேற்றும் சொன்னாள். என் தாழ்மையான அபிப்பிராயத்தில், அவள் மற்றவற்றைப் பாசத்தால் மாற்றிச் சொல்லவில்லை என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

இதையெல்லாம் தொலைபேசியில் சொல்லக் கூடாதா என்பாய். சொன்னால், என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறீர்கள் என்று வைத்துவிடுவாய். ஆகவே ஆதாரம் அனுப்புகிறேன். இத்துடன் நான்காவது படம் திரும்பி வருகிறது. அதனுடன் ஒரு முழம் நூலும் வருகிறது. நேற்று மாலை உன் அம்மா கடைக்கு இறங்கிப் போய், படத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அலமாரியில் இருந்து ஒரே ஒரு கண்டை எடுத்தாள். பொத்தான் அக்கா பின்னால் நின்று பார்த்தாள். மாற்றி வைக்கவில்லை, "இனி எனக்கு ஒரு வேலை மிச்சம்" என்று மட்டும் சொன்னாள்.

அந்த நூலை நாயின் முதுகுக்கு மேலே, நீல நிழல் ஊதாவாக மாறும் இடத்தில் வைத்துப் பார். பகல் வெளிச்சத்தில் பார். நூல் எங்கே முடிகிறது, உன் பென்சில் எங்கே தொடங்குகிறது என்று உன்னால் பிரித்துச் சொல்ல முடிந்தால், விண்ணப்பத்தைக் கொடுத்துவிடு. நான் தடுக்க மாட்டேன். முடியாவிட்டால் அதைக் கிழித்துவிடு. கணக்குப் பிரிவின் மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை. ஆனால், காணாத கண் தந்த தீர்ப்பின் பேரில் நீ அங்கே போய்ச் சேர்வதை என்னால் ஏற்க இயலவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. விரலில் மை ஒட்டியிருந்தால் கழுவிவிட்டுச் சாப்பிடு. இடது கண்ணின் கட்டை அவிழ்க்கும் நாளில் நீ இங்கே இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். அவள் முதலில் பார்ப்பது புதிதாக ஒரு படமாக இருக்கட்டும்; அதில் மழை லேசாகவே இருக்கட்டும். என்றும் நன்றாக இரு, மகளே.

இப்படிக்கு,
உன் அப்பா
(கையொப்பம்)

சாட்சிகள்:

1. பொத்தான் அக்கா. படித்துக் காட்டக் கேட்டேன், சரி. அழுததை எழுதியிருக்க வேண்டாம்.

2. அம்மா. நாய்க் கால் தவிர நான் சொன்னதெல்லாம் வாபஸ். கீழே போட்டுடாத, நூல் பத்திரம்.