வலப்பக்க ஸ்டியரிங்

1977 நவம்பர், செவ்வாய் இரவு

மருமகன் பராமரிக்கிற கட்டடத்துக்கு வாங்கிய ஜப்பான் குட்டி ட்ரக்குக்கு, எங்கட ஊர் மாதிரி வலப்பக்கம்தான் ஸ்டியரிங். அதனால் அதை ஓடுவது நான்தான். இன்று இலைக்குப்பை ஏற்றிக்கொண்டு வீதிக்கு இறங்கியதும், இந்த நாட்டில் வலப்பக்கத்தால்தான் போகவேண்டும் என்பதை மறந்து, ஊர்ப் பழக்கத்தில் இடப்பக்கமே போய்விட்டேன். எதிரே பஸ். மயிரிழையில் தப்பினேன்.

“பஸ்காரன்தான் பிழையான பக்கத்தால வந்தவன், தம்பி” என்றேன்.

பக்கத்துச் சீட்டில் இருந்த மருமகன் சிரிக்கவில்லை; சாவிக்காகக் கை நீட்டினான். “திறப்பைத் தாங்கோ மாமா. இனி நீங்கள் இலை மட்டும் கூட்டினால் காணும்.”

பின்னேரம் அவனே ட்ரக்கைப் பின்னுக்கு எடுத்தான். “மாமா, பின்னால நிண்டு பாத்துச் சொல்லுங்கோ.”

“வரட்டும், வரட்டும்” என்று கை காட்டினேன். சுவரில் இடிக்கும்வரை காட்டுவோமா என்று ஒரு நினைப்பு வந்தது. நேரத்தோடு “நில்” என்று சொல்லிவிட்டேன்.

இப்போது படுக்கப் போகும்போது தோன்றுகிறது, சொல்லாமல் விட்டிருக்கலாம்.