கூடத்து ஆணியும் கோசாயி குண்டமும்

பிரிக்பீல்ட்ஸ்,
10.7.1987

என் பிள்ளை சிவமலருக்கு,

அப்பா எழுதுவது. நேபாளத்தில் மலை உச்சிக் குளத்தை அளக்கிறாயாம். டாக்டர் படிப்பை இரண்டாம் வருஷத்தில் விட்டது இதற்குத்தானா? பட்டமளிப்பு உடுப்போடு நீ நிற்கும் படத்துக்காகக் கூடத்துச் சுவரில் நான் அடித்த ஆணி எட்டு வருஷமாகச் சும்மா நிற்கிறது.

போன வாரம் கோயிலில் பக்கத்து வீட்டுப் பூமணி, "மகள் இன்னும் டாக்டர் ஆகலையா லா, அங்கிள்?" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "சிவன் குளத்துக்கு யாத்திரை போயிருக்கிறா" என்று சொல்லிவிட்டேன். இப்போது எல்லோரும் தீர்த்தம் கேட்கிறார்கள். ஒரு போத்தல் அனுப்பு.

கம்பளி போட்டுக்கொள்.

அப்பா வல்லிபுரம்

துஞ்சே, நேபாளம்,
16.8.1987

அன்புள்ள அப்பாவுக்கு,

கோசாயி குண்டம் என்று பெயர்; பதினாலாயிரம் அடிக்கு மேலே, பாதி வருஷம் உறைந்து கிடக்கும் குளம் இது. சிவன் சூலத்தால் குத்தி உண்டாக்கினாராம். நடுவில் தெரியும் பாறைதான் அவர் என்று கும்பிடுகிறார்கள். சுற்றிச் சின்னச் சின்னக் குளங்கள், கிழக்கே லௌரிபினா கணவாய். ஒரு விடியலில் மேகம் விலகி லாங்டாங் சிகரம் முழுசாகத் தெரிந்தபோது அழுதுவிட்டேன், அப்பா.

ரப்பர் படகில் போய், ஈயக் குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்தவள் நான். குளத்தின் அடித்தரையை வரைந்தவளும் நான். வரைபடத்தையும் போத்தலையும் வாசுவிடம் கொடுத்தனுப்புகிறேன். எங்கள் அளவைக் குழுவில் இருப்பவர், நம் ஊருக்குப் பக்கத்துக் கிள்ளான்காரர், விடுமுறைக்கு வருகிறார்.

ஆனால் நான் யாத்திரை வரவில்லை. அதைக் கோயிலில் சொல்லிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். சொல்ல வெட்கமென்றால் எழுதுங்கள். அப்படியென்றால் தீபாவளிக்கு நான் வரவில்லை.

சிவமலர்

பிரிக்பீல்ட்ஸ்,
19.9.1987

என் கெட்டிக்கார மகளுக்கு,

நேற்று வெள்ளிக்கிழமைப் பூசை. போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றேன். "என் மகள் யாத்திரை போகேல்லை. டாக்டரும் இல்லை. இந்தக் குளத்தை அளந்தவள் அவள்!" என்றேன்.

"அடி ஆத்தி! நம்ம பிரிக்பீல்ட்ஸ் பிள்ளையா?" என்று பூமணி வாயில் கை வைத்தாள். பிறகுதான் அபிஷேகம்.

வரைபடத்தை மூன்று நாள் பார்த்தேன். வடக்குத் திசை காட்டும் அம்பு போட மறந்துவிட்டாயே, மக்கு! ரயில்வேயில் இருபத்தெட்டு வருஷம் பாதை வரைபடம் வரைந்தவன் கண்ணுக்குத் தப்புமா? பென்சிலால் நானே போட்டு, கண்ணாடிச் சட்டத்தில் வைத்து அந்த ஆணியில் மாட்டிவிட்டேன்.

பார்க்க ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். தீபாவளிக்கு வந்து நீயே விளக்கம் சொல்லு. சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

உன் அப்பா