புத்தகத்தில் இல்லாத சுரங்கம்

எனக்குப் பின்னால் பிறந்து எனக்கு முன்னால் போய்விட்ட தம்பி ராசுவுக்கு,

உன் அண்ணன் சொல்கிறேன். எழுதுவது உன் மகள் கவிதா. நீ போய் ஒரு வருடம் ஆகிறது. தெருமுனையில் உன் படம் போட்டு பேனர் கட்டியிருக்கிறார்கள். உன்னைப் பற்றி அதில் நாலு வரி இருக்கிறதாம். படித்துக் காட்டச் சொல்லி நான் யாரையும் கேட்கவில்லை. யார் எதைப் படித்துச் சொன்னாலும் இப்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் வருகிறது. அந்தச் சந்தேகத்தைக் கொடுத்துவிட்டுப் போனவன் நீதான்.

ஆட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்களுக்கும் விளங்கட்டும். நீ வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கவிதா உனக்கு ஓர் இங்கிலீஷ் புத்தகம் வாங்கித் தந்தாள். ஞாயிறு மதியம் உன் வீட்டில் உட்கார்ந்து ஆடுவோம். காய் இல்லை, கட்டம் இல்லை. கதையில் நடப்பதை நீ புத்தகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்வாய். நாங்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, அந்த இடத்தில் என்ன செய்வோம் என்று சொல்வோம். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருட்டுவோம். நீ கேம் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துகிறவன். ஆடியவர்கள் நான், கவிதா, பக்கத்து வீட்டுப் பழனிசாமி.

மலைமேல் ஒரு கோட்டை. அதன் தலைவன் ஆற்றை அடைத்து வைத்திருக்கிறான். உள்ளே போய் மதகைத் திறந்துவிட வேண்டும். மதகு எப்படி இருக்கும் என்று கேட்டேன். “நம்ம ஜேடர்பாளையத்துல இருக்கற மாதிரியேதானுங்கண்ணா” என்றாய். அப்போதே எனக்கு ஆட்டம் பிடித்துப்போனது.

கத்திக்காரன், மந்திரக்காரன் என்று புத்தகத்தில் வேடங்கள் இருந்தன. எனக்குப் பாறை பார்க்கத் தெரிந்த ஒருத்தன் வேண்டும் என்றேன். முப்பது வருடம் ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போய் போர்வெல் போட்டவன் வேறு எதைக் கேட்பேன்? நீ மறுக்கவில்லை. சின்னான் என்று பெயர் வைத்தோம்.

ஆரம்பத்தில் நீ நன்றாகத்தான் நடத்தினாய். நாங்கள் சந்தைக்குப் போகாமல் ஆற்றைக் கடந்தோம். பரிசல் ஓட்டிய பொம்பளையிடம் கோட்டைச் சாவி ஒன்று கிடைத்தது. அது எப்படி வந்தது என்று இந்த வருடம்தான் எனக்குத் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

என் ஞாபகம் உனக்குத் தொந்தரவாக இருந்தது. எந்த ஊரில் எத்தனை அடியில் என்ன நிறத்தில் புழுதி வந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். ஒரு வாரம் முன்னால் நீ சொன்னது எனக்கு மறக்குமா? ஒரு ஞாயிறு, கோட்டை வாசல் கிழக்கே பார்த்திருக்கிறது என்றாய். முந்தின வாரம் மேற்கு என்றிருந்தாய்.

“ஏண்டா தம்பி, கோட்டையத் தூக்கித் திருப்பி வெச்சுட்டியா?” என்று கேட்டேன்.

“கிரேன் வெச்சுத் தூக்கியிருப்பாருங்க” என்றான் பழனிசாமி. “ஒரு வாரமாச்சுதுல்ல.”

எல்லாரும் சிரித்தோம். நான் அதோடு விட்டிருக்கலாம். “படிச்சவனுக்கு ஒரு வாசப்படி ஞாபகம் இருக்க மாட்டேங்குது” என்றும் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. உன் காது சிவந்திருந்தது.

அதற்கு அடுத்த பேச்சில்தான் நான் சுரங்கம் என்றேன். மூன்று வாரம் முன்பு மலையடியில் செந்தண்ணீர் கசிகிறது என்று நீயே சொல்லியிருந்தாய். இடுக்கு இல்லாத பாறையில் தண்ணீர் வராது. அந்த இடுக்கைத் தோண்டி அகலப்படுத்தினால் வாசலே வேண்டாம், நேரே உள்ளே போகலாம். சின்னான் முன்னால் போவான் என்றேன். பழனிசாமி தொடையில் தட்டினான்.

நீ புத்தகத்தைப் புரட்டினாய். ஒரு பக்கத்தில் விரலை வைத்தாய். “மண்ணு சரிஞ்சிருதுங்கண்ணா. முன்னால போனவன் செத்துட்டான்.”

“பகடை?”

“பகடை இல்லீங்கண்ணா. புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்குது.”

அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து வந்தேன். நீ கூப்பிடவில்லை. நானும் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ விழுந்தாய் என்றார்கள். உன் வீட்டுப் படியை மறுபடி நான் ஏறியது உன்னைத் தூக்கத்தான்.

மழைக்காலம் முடிந்ததும் கவிதா அந்தப் புத்தகத்தோடு வந்தாள். “ஆட்டம் பாதியில நிக்குதுங் பெரியப்பா. நீங்க நடத்துங்க.”

“எழுத்துத் தெரியாதவன் புத்தகத்த வெச்சு என்ன சாமி பண்றது?”

“நான் படிக்கறேன், நீங்க கேட்டுக்குங்க. ஒருக்காக் கேட்டா உங்களுக்குப் போதுமுங்களே.”

படித்தாள். சந்தையில் ஒரு கிழவி சாவி வைத்திருக்கிறாள் என்று வந்தது. பரிசல்காரி எங்கே என்றேன். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் உன் பென்சில் எழுத்து: ‘சந்தைக்குப் போகவில்லை. சாவியைப் பரிசல்காரியிடம் கொடு.’ நாங்கள் வழி மாறும்போதெல்லாம் நீ கதையை எங்கள் வழிக்குக் கொண்டுவந்திருக்கிறாய். பக்கத்துக்குப் பக்கம் பென்சில். கேட்கக் கேட்க எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு கோட்டை வந்தது. மலையடி வந்தது, செந்தண்ணீர் வந்தது. சுரங்கம் வரவில்லை. மூன்று தடவை படிக்கச் சொன்னேன்.

“சுரங்கமே இல்லீங் பெரியப்பா. ஆடறவங்க இதுல இல்லாத வழியக் கண்டுபிடிச்சா, விட்டுக் கொடுங்க, என்ன ஆகுதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்கன்னுதான் போட்டிருக்குது.”

அந்தப் பக்கத்தில் பென்சில் படவே இல்லை.

ஏன்டா? கதையை மாற்றியதற்காக நான் கேட்கவில்லை. முப்பது இடத்தில் மாற்றினாய். சின்னானைக் கொல்ல வேண்டும் என்று தோன்றினால், ‘நான் சொல்றேன், செத்துட்டான்’ என்று சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன், அடுத்த வாரம் வந்திருப்பேன். படிக்கத் தெரியாதவன் முன்னால் புத்தகத்தைக் காட்டினாயே, அதைத்தான் கேட்கிறேன்.

இப்போது நான்தான் நடத்துகிறேன். கவிதா பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாள். பழனிசாமியோடு அவள் சிநேகிதிகள் இரண்டு பேர் ஆடுகிறார்கள். போன மாதம், வாசலில் பெரிய சண்டை ஒன்றை வாரம் முழுக்க மனசுக்குள் கட்டி வைத்திருந்தேன். பழனிசாமி, “நான் சண்டைக்கு வரலீங்க, கோட்டைக்குச் சமையல்காரனாச் சேந்துக்கறேன்” என்றான். எனக்குச் சுருக்கென்று வந்தது. “அதெல்லாம் முடியாது, புத்தகத்துல...” என்று வாய் போய்விட்டது. கவிதா நிமிர்ந்து பார்த்தாள்.

வார்த்தையை விழுங்கிவிட்டு, “புத்தகத்துல இல்லே. நான் சொல்றேன். சேத்துக்குவாங்க, ஆனா கத்திய வாசல்லயே வாங்கி வெச்சுக்குவாங்க” என்றேன்.

“அப்பச் சரிங்க” என்று பழனிசாமி பகடையை எடுத்தான்.

அவ்வளவுதான் தம்பி. அந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது என்று தெரிந்துகொண்டேன். தெரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை.

இன்னொன்று இருக்கிறது. இருபத்தோரு வயதில் அப்பாவிடம் சொல்லாமல் ரிக் வண்டி ஏறி வடக்கே போனேன். அப்பாவின் சாவுச் சேதி கிடைத்து நான் வந்து சேர்வதற்குள் காரியமே முடிந்திருந்தது. அப்பா யாரிடமோ சொல்லி எழுதி வைத்த கடிதம் ஒன்று எனக்காக இருந்தது. நீதான் படித்துக் காட்டினாய். கடைசி வரி, ‘பெரியவன் மேல் எனக்குக் கோபம் இல்லை.’ அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருடம் ஓட்டினேன்.

அது அந்தக் காகிதத்தில் இருக்கிறதா ராசு? இல்லை, நான் அழுததைப் பார்த்து நீ சேர்த்ததா?

கவிதா பேனாவை நிறுத்திவிட்டாள். “இதையும் எழுதணுமுங்களா பெரியப்பா?” எழுது சாமி.

கடிதம் என் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. கோட்டை மதகு திறந்து இந்த ஆட்டம் முடியும் அன்றைக்கு அதை உன் மகள் கையில் கொடுப்பேன். கூட்டாமல் குறைக்காமல் படிக்கச் சொல்வேன். அந்த வரி அதில் இல்லாவிட்டால், அதற்காக உன்மேல் கோபப்பட மாட்டேன். இது சத்தியம். சின்னானுக்காகப் பட்ட கோபத்தை மட்டும் விடமாட்டேன். அதுவும் சத்தியம்.

உன் கூடப் பிறந்த
பெரியவன்

சொன்னதைச் சொன்னபடியே எழுதியவள்,
உங்கள் மகள் கவிதா