இன்னைக்கு நீ பாத்துக்க

படுக்கையில் கிடக்கும் அம்மாவை நேற்று அதட்டியதற்காகத் தம்பி செல்லப்பா தன்னை ஏசியது ஆவுடைக்கு இன்னும் ஆறவில்லை. அவன் எழும்புமுன் காலண்டர் தாளின் பின்புறம் எழுதினாள்:

"ஏலே, கஞ்சி குக்கர்ல இருக்கு. அம்மா துப்பத்தான் செய்வா. துடைச்சுட்டுத் திரும்ப ஊட்டு. மத்தியானம் பெட்ஷீட்ட மாத்திப் புரட்டிப் படுக்க வை. கோவம் வரும், வரட்டும். அப்பத் தெரியும், நான் ஏன் அதட்டுனேன்னு. சிவகிரியில என் கூட்டாளி ஜோதி வீட்டுக்குப் போறேன். படுத்துத் தூங்கணும், அவ்வளவுதான். பொழுதடைய வந்துருவேன். போன் அடிக்காத."

பையோடு வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். தாளில் இடமில்லை. அடியோரத்தில் நெருக்கி எழுதினாள்:

"என் பேரச் சொல்லிக் கூப்பிடுவா. 'ஆவுட இங்கனதான் இருக்கா'ன்னு சொல்லு. இல்லாட்டி அழுவா."