நாரைக் குலத்துக்கு ஒரு மகன்

மடலின் தீவு,
1852 ஜனவரி 9

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நலம். நீங்களும் என் அப்பாவும் நலமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தபின் கேட்க மனம் வரவில்லை. பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். நம் ஓஜிப்வே ஜனங்கள் கீழ்க்கடலை விட்டு எந்த ஆற்று வழியாக வந்தார்கள், வழியில் யாரோடு சண்டை போட்டார்கள், எல்லாம் இருக்கிறது. நோதின் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி இல்லை.

அடுத்த வீட்டு மர்கரீத் நேற்று வந்தாள். "என்னடி, கல்யாணத்துக்கு முன்னாடியே மாப்பிள்ளை மாமனாரோட குடித்தனம் பண்றாராமே? அவர் பொண்ணைக் கட்டப்போறாரா, பொண்ணோட அப்பனைக் கட்டப்போறாரா?" என்று கேட்டாள். மீன் அறுத்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இன்னொருத்தி என்றால் மயிரைப் பிடித்து இழுத்திருப்பேன். பெற்ற அப்பனை என்ன செய்வது? ஒரே மகள் எனக்கு அவர் சொன்னதெல்லாம் முயல் கதைகள்தான். நல்லவேளை, நம் வழக்கப்படி பனி உருகிவிட்டால் பழங்கதை சொல்லக்கூடாது. பனி சீக்கிரம் உருக வேண்டும் என்று இந்தத் தீவிலேயே வேண்டிக்கொள்கிறவள் நான் ஒருத்திதான். மேப்பிள் மரப் பாகு காய்ச்சி முடிந்ததும் கல்யாணம் என்றீர்களே, ஞாபகம் இருக்கிறதா?

உங்கள்
நோதின்


லீச் ஏரி,
பிப்ரவரி 2

என் கண்ணே நோதின்,

நீ திட்டினதும் இனித்தது. தப்பு என்னுடையதுதான். ஆனால் போன வருஷக் காய்ச்சலில் எத்தனை கிழவர்கள் போய்விட்டார்கள், உனக்கே தெரியும். அவர்களோடு போனதை யாரிடம் கேட்பேன்? இங்கிலீஷும் நம் பாஷையும் தெரிந்தவன் நான் நம் ஜனங்களின் கதையைப் புத்தகமாக எழுதாவிட்டால் வெள்ளைக்காரன் இஷ்டத்துக்கு எழுதி வைப்பான்.

எல்லாக் குலத்தார் கதையும் கிடைத்துவிட்டது, உங்கள் நாரைக் குலத்தின் கதை மட்டும் பாக்கி. எல்லாவற்றுக்கும் அதுதான் ஆரம்பம். மாமாவிடம் கேட்டேன். "மாப்பிள்ளை, எது வேணும்னாலும் கேளு, சொல்றேன். இது மட்டும் நாரைப் பிள்ளைங்க காதுக்கு. நீ நாரை இல்லையே. கரடியும் இல்ல, மீனும் இல்ல. நீ ஒண்ணுமே இல்லையேப்பா!" என்றார். கூடாரமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

எந்த ஊருக்குப் போனாலும் முதல் கேள்வி, "உன் குலம் என்ன?" பதில் சொன்னவனுக்கு உட்கார இடம் உண்டு, சொந்தம் உண்டு. குலம் அப்பன் வழியில் வருவது. என் அப்பன் பிரெஞ்சு வியாபாரி. எல்லார் வம்சத்தையும் எழுதுகிற புத்தகத்தில் எனக்கு ஓர் இடம் கிடையாது. நீ அப்பாமேல் பொறாமைப்படுகிறாய். நான் உன்மேல் பொறாமைப்படுகிறேன். நீ நாரையாகவே பிறந்தவள்.

உன்
ஈசிடோர்


மடலின் தீவு,
பிப்ரவரி 20

அன்புள்ள அத்தான்,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். அப்பாவுக்கு எப்போதுமே வாய் நீளம், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் ஒன்று யோசித்தீர்களா? நாரை நாரையைக் கட்ட முடியாது. நீங்கள் நாரையாகப் பிறக்காததால்தானே எனக்கு அத்தானானீர்கள்? என் அத்தை ஒரு பிரெஞ்சுக்காரரைக் கட்டியதற்கு நான் தினமும் நன்றி சொல்கிறேன். அந்த ஒரு கதை இல்லாமல் புத்தகம் கொஞ்சம் மெலிந்திருந்தால் என்ன? உங்களுக்கு உட்கார இடம் என் பக்கத்தில் இருக்கிறது. ஏரியில் பனிக்கட்டி உறுதியாக இருக்கும்போதே புறப்பட்டு வந்துவிடுங்கள்.

உங்கள்
நோதின்


லீச் ஏரி,
மார்ச் 15

என் நோதின்,

கதை கிடைத்துவிட்டது!

மாமா உறவுக்காரர்களைக் கூட்டி விருந்து வைத்தார். என் கையைப் பிடித்து எல்லார் முன்னாலும் "இனிமே இவன் என் மகன். நாரை" என்றார். முன்கூட்டியே என்னைத் தனியாக அழைத்துக் கேட்டார், "நல்லா யோசிச்சுக்கோடா. மகனாயிட்டா மருமகனாக முடியாது. ரெண்டு பக்கமும் உக்கார இடம் கிடையாது." தலையாட்டிவிட்டேன். அப்புறம் கதையைச் சொன்னார் பார், அப்படி ஒரு கதையை நான் கேட்டதே இல்லை. எழுதி எழுதி மை தீர்ந்துபோயிற்று.

நீ பயப்படாதே. எல்லாம் யோசித்துத்தான் செய்தேன். தீவில் மிஷன் பாதிரியார் இருக்கிறாரே, அவருக்கு நாரையும் தெரியாது, கரடியும் தெரியாது. கோவிலில் அவர் பதிந்துவிட்டால் கல்யாணம் கல்யாணம்தான். உன் அப்பா கொஞ்ச நாள் முறுக்கிக்கொள்வார், பிறகு சரியாகிவிடுவார். புத்தகமும் ஆயிற்று, நீயும் ஆயிற்று.

பாகு காய்ச்சுகிறார்கள், அது முடிந்ததும் புறப்படுகிறேன்.

உன்
ஈசிடோர்


மடலின் தீவு,
ஏப்ரல் 6

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

தங்கை நோதினோக்வே, முழுப்பெயரோடு எழுதுவது.

நீங்கள் எழுதியதில் எனக்குப் பிடித்த பக்கத்தைப் போன இலையுதிர் காலத்தில் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். ஒரே குலத்தார் ஒரு வயிற்றுப் பிள்ளைகள், இதை மீறியவர்களைப் பெற்ற தாயும் வாசலில் சேர்க்கமாட்டாள் என்று அழகாக எழுதியிருந்தீர்கள். அது வெள்ளைக்காரர்கள் படித்து ஆச்சரியப்படுவதற்கு மட்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. பாதிரியாருக்கு நாரை தெரியாது, எனக்குத் தெரியும்.

அப்பாமேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் கேட்டார், நீங்கள் தலையாட்டினீர்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

கல்யாணம் இல்லை என்று மர்கரீத்திடம் சொன்னேன். "எவடி அவ?" என்று பாய்ந்தாள். "ஒருத்தியும் இல்லை, ஒரு கதை" என்றேன். பைத்தியம் பிடித்துவிட்டது என்று எண்ணி, குடிக்கச் சூடாக ஏதோ கொண்டுவந்து கொடுத்தாள்.

உங்களுக்குக் குலம் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். பொய் சொல்லவில்லை. இனி எந்த ஊருக்குப் போனாலும் வாய் திறந்து பதில் சொல்வீர்கள்.

வயது வந்த அண்ணனும் தங்கையும் உட்கார்ந்து பேசிச் சிரிப்பது நம்மிடம் இல்லை. நீங்கள் உள்ளே வந்தால் நான் தலைகுனிந்து வெளியே போவேன். அதைத் தவறாக நினைக்க வேண்டாம். கடிதமும் அப்படித்தான், எனக்கு எழுதாதீர்கள். சொல்ல வேண்டியது இருந்தால் அப்பாவிடம் சொல்லி அனுப்புங்கள்.

அண்ணனை எண்ணி எந்தத் தங்கையும் பொறாமைப்படுவதில்லை. எனக்கு மட்டும் இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.

தங்கை,
நோதினோக்வே