நாம் இருவரும் வெறுமை என்று சொன்னது

என் அன்புச் சூசைக்கு,

கோபித்துக்கொள்ளாதே. கௌதமன் என்று நீ பெயரை மாற்றிக்கொண்டு எத்தனையோ வருடமாகியும் எனக்கு அது வாயில் வரவில்லை. நீ போய் இருபத்தாறு நாளாகிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. எட்டிப் பார்த்தால் யாருமில்லை. உனக்கும் அங்கே எதுவாவது கேட்கிறதா?

அப்பாவை அடக்கம் செய்த அன்று, பங்குக் கல்லறையின் நடுவே நின்ற சுவரையே நீ பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தப் பக்கம் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள், இந்தப் பக்கம் நாம். அடுத்த மாதமே கோலார் தங்கவயலுக்கு ஒர்க்‌ஷாப் வேலைக்குப் போனாய். நான்கு வருடம் கழித்து பௌத்தனாகத் திரும்பி வந்து வாடகை ஜீப் ஓட்டினாய். நான் கச்சிராயபாளையம் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு சின்ன மருந்தகத்தில் நர்ஸ். ஞாயிறுதோறும் என் வீட்டில் சாப்பிட வருவாய். சோற்றோடு சண்டையும் நடக்கும்.

"கடவுளுக்கு எல்லாமே இருந்துச்சு. இருந்தும் தன்னையே காலி பண்ணிக்கினு அடிமை மாதிரி எறங்கி வந்தாரு. அதான்டா அன்பு" என்பேன்.

"நெறைஞ்சவங்க காலி பண்ணலாம்க்கா. நம்ம தெரு ஏற்கெனவே காலியாத்தான் கெடக்குது. நாம இன்னாத்த காலி பண்றது?"

"உன் புத்தரு சொல்ற சூனியம் மட்டும் இன்னாவாம்? ஒண்ணுமே இல்லன்னு கைய விரிக்கிறதா?"

"ஒண்ணுமில்லன்னு யாரு சொன்னா? எதுவும் தானா நிக்கலன்னுதான் சொல்றேன். இந்தச் சோறு இருக்குது. மழை, மாடு, நாத்து நட்டவ, உன் அடுப்பு, எல்லாத்தையும் எடுத்துட்டா சோறு எங்க? சாதியும் அப்பிடித்தான். அதுக்குள்ள ஒரு உசுரு இல்ல. நாலு பேரு புடிச்சிகினு இருக்கறதால நிக்குது. நானும் நீயும்கூட அப்பிடித்தான். உள்ள தனியா ஒருத்தன் குந்திகினு இல்ல."

"ஆளே இல்லன்னா அன்பு காட்டறது யாருடா?"

நீ சிரித்துக்கொண்டே ரசத்தை ஊற்றிக்கொள்வாய்.

இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருடங்கள் அவை. கேட்டவர்களும் ஏழைகள்தான், அது உனக்கும் தெரியும். ஆனால் மரத்தை வெட்டி ரோட்டில் சாய்த்தபோது, நம் மாதிரித் தெருக்காரர்களுக்கு வெளியே தலைகாட்ட பயமாயிருந்தது. அப்படி ஒரு மறியல் வாரத்தில், மலைமேல் வெள்ளிமலையிலிருந்து ஒரு பெண்ணைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கி வந்தார்கள். பிள்ளை பிறந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. நான் ஆள் அனுப்பியதும் நீ ஜீப்பை எடுத்து வந்தாய். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. கையில் கழியோடு பத்துப் பதினைந்து பையன்கள்.

பெண்ணைப் பார்த்ததும் அவர்களில் பெரியவன் மரத்திலிருந்து இறங்கி வந்தான். "தூக்கிகினு மரத்த தாண்டிப் போங்க. அந்தாண்ட டிராக்டர் நிக்குது." அவள் புருஷனும் மாமியாரும் கட்டிலைத் தூக்கினார்கள். அப்போது ஒருவன் உன்னை உற்றுப் பார்த்தான்.

"இவன எனக்குத் தெரியும். காலனிக்காரன்."

பிறகு என் வெள்ளைச் சேலையைப் பார்த்தான். "சிஸ்டர், இவன் உங்களுக்கு இன்னா ஆவணும்?"

"தெரியாதுங்க. வாடகை ஜீப்பு" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை! நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இவங்கள உனக்குத் தெரியுமாடா?"

"தெரியாதுங்க."

"நீ யாருடா?"

"யாருமில்லங்க. அந்தப் பொண்ணு போவட்டும்."

நான் மரத்தைத் தாண்டினேன். முதல் அடி விழும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. திரும்பவில்லை.

அந்தப் பெண் பிழைத்தாள். நீ மறுநாள் நடந்தே வந்தாய். வலது காதிலிருந்து ரத்தம் வழிந்து சட்டையில் காய்ந்திருந்தது. நான் துடைத்தேன். அதற்குப் பிறகு அந்தக் காது உனக்குக் கேட்கவேயில்லை.

நோயாளிக்காகத்தான் பொய் சொன்னேன் என்று எத்தனையோ வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். உன்னிடமாவது உண்மையைச் சொல்கிறேன். அந்த நொடியில் அவள் என் நினைவில் இல்லை. எனக்குள் நான் மட்டும்தான் தளும்பத் தளும்ப இருந்தேன். தன்னைக் காலி செய்கிற அன்பைப் பற்றி உனக்குப் பாடம் நடத்தியவள்.

நீ சொன்ன 'யாருமில்ல' எதிலிருந்து வந்தது, சூசை? என் வெறுமைக்குக் கொடுக்கிற ஒருவர் வேண்டும். உன் வெறுமையில் பிடித்துக்கொள்ள ஒருவரும் கிடையாது. அன்று நீ பேசியது புத்தரின் பேச்சு. செய்தது என் ஆண்டவர் செய்தது. இல்லை, அதெல்லாம் ஒன்றுமில்லாமல், அக்காவை அடிக்கக் கூடாது என்று மட்டும் நினைத்தாயா? ஒரே ஒரு தடவை கேட்க வாயெடுத்தேன். "வுடுக்கா. அங்க யாரு இருந்தா?" என்றாய். அது மன்னிப்பா, தண்டனையா? இன்றுவரை எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

நீ கண்ணை மூடிய பிறகு நடந்ததைச் சொல்கிறேன். நீ கேட்டபடியே உன் குழிமேல் சிலுவை வைக்கவில்லை. உன் சிநேகிதர்கள் அவர்கள் முறையில் ஓதினார்கள். நான் ஓரமாக நின்று என் ஜெபத்தைச் சொன்னேன். யாரும் தடுக்கவில்லை.

உன் மகள் யசோதரை போன வாரம் வந்திருந்தாள். "அத்த, அப்பாவுக்குச் சின்ன வயசுலயே காதுல சீழ் வச்சிதான் கேக்காம பூடுச்சாமே? அம்மாகிட்டயும் அப்பிடித்தான் சொல்லிகினு இருந்தாரு" என்றாள். உன் பெண்டாட்டியிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறாய். "ஆமாம்" என்று என் வாய் வரைக்கும் வந்தது. அடுப்பைப் பார்க்கிற மாதிரி உள்ளே போய்விட்டேன்.

வருகிற ஞாயிறு அவளும் அவள் அம்மாவும் சாப்பிட வருகிறார்கள். இலை போடுவதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுவேன், என் வாயால், ஒரு வார்த்தை குறைக்காமல். அதற்குப் பிறகு அவர்கள் என் வீட்டில் சாப்பிடுவார்களா, எழுந்து போவார்களா, தெரியாது. எழுந்து போனாலும் கதவைப் பிடித்துக்கொண்டு அழமாட்டேன். இது சத்தியம்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த,
உன் அக்கா லூர்து.