இடது கால் அளவு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதிப் பழகிய கை, இன்று எழுத மாட்டேன் என்கிறது.

வருகிற இருபதாம் தேதி உன் அண்ணனுக்குச் சிகிச்சை. நாலு வருடத்துக்கு முன் இடது காலில் ரத்தம் கட்டிப் படுத்துக் கிடந்தாரே, அது முழுதாகக் கரையவில்லையாம். அடிவயிற்றில் பெரிய ரத்தக்குழாய் தழும்பேறி அடைத்துக் கிடக்கிறது. முழங்காலுக்குப் பின்னால் மெல்லிய குழாயை விட்டு, பலூனால் விரித்து, ஸ்டென்ட் வைப்பார்களாம். ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விட்டால் ஆபத்து என்றார் டாக்டர். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

இந்த மனுஷன் என்னிடம் மூச்சு விடவில்லை, தம்பி. போன மாதம் அவர் பேண்டை மடித்தேன். இடது கால் மட்டும் அகலமாக வெளியே துருத்திக்கொண்டு நின்றது. எல்லா பேண்டும் அப்படியே. ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற டெய்லர், தன் கால் வீக்கத்தையும் அளந்து எனக்குத் தெரியாமல் தைத்துப் போட்டிருக்கிறார். கேட்டால், இப்ப இதுதான் ஃபேஷன், உனக்கு என்ன தெரியும் என்றார்.

விடாமல் பிடித்துக்கொண்டேன். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை இரண்டு வருடம் முன்பே நிறுத்திவிட்டாராம். தைக்கும்போது விரலில் ஊசி குத்தி, ரத்தம் நிற்காமல், யாரோ ஒரு மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டையில் கறை பட்டுவிட்டதாம். சட்டையைப் பார்த்தவர் உயிரைப் பார்க்கவில்லை. திட்டித் தீர்த்துவிட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மாத்திரையை விட்டால் ஸ்டென்டும் அடைத்துக்கொள்ளுமாம். அதற்கும் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை. நீ சொன்னால் கேட்பார்.

நேற்று மத்தியானம் தனக்கென்று ஒரு பேண்ட் வெட்டினார். எட்டிப் பார்த்தேன். இரண்டு காலும் ஒரே அளவு. தைக்கவில்லை. வந்து தைச்சுக்கறேன், வச்சிரு என்று சுருட்டி என் கையில் கொடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தத் துணியோடு வீட்டுக்குள்ளேயே சுற்றி வருகிறேன். எனக்கு ஒரு பொத்தான்கூட ஒழுங்காகத் தைக்க வராது, உனக்குத் தெரியுமே. பயமாக இருக்கிறது.

லீவு கிடைக்காது என்று போன தடவையே சொல்லிவிட்டாய். வா என்று நான் சொல்லவில்லை. காலை ஒன்பது மணிக்கு அவரை உள்ளே அழைத்துப் போவார்கள். வெளியே இரண்டு நாற்காலி போட்டிருக்கிறது.

நீ ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அண்ணி